விமானந்தாங்கிக் கப்பல் போர் விளையாட்டை மேசையில் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, இரண்டாம் உலகப் போர்க்கால விமானந்தாங்கிக் கப்பல்களின் போரை மேசையில் விளையாட விரும்பும் மூவருக்காக எழுதப்படுகிறது: எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர், நடுவராக ஒருவர். கடையில் விற்கும் பெட்டி எதுவும் தேவையில்லை. மட்டக்களப்பில், கல்லடியில், எங்கள் வீட்டு விறாந்தையில் போயா விடுமுறை நாள்களில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். அவர்கள் தாக்குதல் விதிகளை முதலில் படித்துவிட்டு, கப்பலின் மேற்றளத்தில் நேரம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கடைசியில்தான் கவனித்தார்கள். இந்த விளையாட்டின் உயிர் அந்த நேரக்கணக்கில் இருப்பதால், கீழேயுள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்குமுன் சேர்க்க வேண்டியவை

வரைபடம் வரைவதற்குப் பிரிஸ்டல் போர்ட் (தடித்த அட்டைத்தாள்) ஒன்று, A4 அளவில் அந்த வரைபடத்தின் சிறுபிரதிகள் இரண்டு, ஆளுக்கொரு கொப்பி, பென்சில், நான்கு பகடை, இரண்டு மேசைகள், அவற்றுக்கிடையே மறைப்பாக நிறுத்துவதற்கு ஒரு பன்பாய் அல்லது சேலை. பெரிய வரைபடம் நடுவரிடம் மட்டுமே இருக்கும். விளையாடுவோர் தத்தம் சிறுபிரதியில், தமக்குத் தெரிந்ததை மட்டும் குறித்துக்கொள்வர்.

விமானங்களுக்குக் காகிதத் துண்டுகளைப் பயன்படுத்த வேண்டாம். மின்விசிறியின் காற்றில் அவை பறந்து போனால், எது எங்கே இருந்தது என்பதை எவராலும் மீட்க முடியாது. போர்விமானத்துக்குச் சோழி, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானத்துக்கு மஞ்சாடி, டோர்பிடோ (நீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் வெடிகலம்) போடும் விமானத்துக்குப் புளியங்கொட்டை என்று வைத்துக்கொண்டால், பார்த்த மாத்திரத்திலும் தொட்ட மாத்திரத்திலும் வேறுபாடு தெரியும். ஒரு காய் மூன்று விமானங்களைக் குறிக்கும். பயிற்சிக்கு ஒரு கப்பலில் ஒவ்வொரு வகையிலும் 6 காய்களை வைத்தால் 54 விமானங்கள் ஆகும். 1942இல் ஜப்பானின் சோர்யு, ஹிர்யு ஆகிய கப்பல்கள் ஏறத்தாழ இந்த அளவையே சுமந்தன.

2. வரைபடம்

அறுகோணக் கட்டங்களை வரைவது சிரமம். அதற்குப் பதிலாகச் செங்கல் சுவர்போல் ஒரு வரிசைக்கு அடுத்த வரிசையை அரைக்கட்டம் தள்ளி வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு அயற்கட்டங்கள் கிடைத்துவிடும். அகலம் 2.3 சென்ரிமீற்றர், உயரம் 2 சென்ரிமீற்றர் என்று வைத்தால் எத்திசையில் எண்ணினாலும் தூரம் பிழைக்காது. அகலவாட்டில் 30 கட்டமும் உயரவாட்டில் 24 வரிசையும் ஒரு பிரிஸ்டல் போர்ட்டில் அடங்கும்.

ஒரு கட்டம் 10 கடல் மைல். ஒரு சுற்று அரை மணித்தியாலம். 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் செல்லும் கப்பல் சுற்றுக்கு ஒரு கட்டம் நகரும். 25 நொட் ஓடக்கூடிய கப்பல், நான்காவது சுற்றுதோறும் இரண்டு கட்டம் நகரும். தாக்குதல் விமானங்கள் சுற்றுக்கு 6 கட்டம் பறக்கும்.

கரையையும் குறியுங்கள். இந்த அளவில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே 6 கட்டங்கள் வரும். தெரிந்த தூரம் ஒன்று கண்முன் இருந்தால், 18 கட்டம் என்பது எவ்வளவு தொலைவு என்பது புதியவருக்கும் உடனே புலப்படும்.

3. ஒவ்வொரு சுற்றின் ஒழுங்கு

முதலில் இருவரும் கட்டளைகளைக் கொப்பியில் எழுத வேண்டும். அடுத்துக் கப்பலுக்குள் நடக்கும் வேலை, பிறகு நகர்வு, பிறகு தேடல், பிறகு தாக்குதல், இறுதியாகத் தரையிறக்கம். எழுதிய கட்டளையை அந்தச் சுற்றில் மாற்றக்கூடாது.

கட்டளையைத் தேடலுக்கு முன்னர் எழுதச் செய்வதற்குக் காரணம் உண்டு. எதிரியைக் கண்ட பின்னர் கட்டளை எழுதலாம் என்றால், தளபதி அறியாமல் முடிவெடுக்க வேண்டிய நிலையே இல்லாமற் போய்விடும். கட்டளைக்கு மூன்று நிமிடம் மட்டும் கொடுங்கள். நேரம் கடந்தால் முந்தைய கட்டளையே தொடரும்.

4. எதிரி இல்லாமல் மேற்றளப் பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்களில் எவரும் முதல் விளையாட்டை மனநிறைவோடு முடித்ததை நான் காணவில்லை. ஆகவே இதில் ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தாளில் நான்கு பெட்டிகள் வரையுங்கள்: கீழ்க்கொட்டகை (மேற்றளத்துக்குக் கீழே விமானங்கள் நிற்கும் இடம்), ஆயத்தம், மேற்றளம், வானம். காய்கள் இந்தப் பெட்டிகளூடாக மட்டுமே நகரலாம். எரிபொருளும் ஆயுதமும் ஏற்ற 2 சுற்று. மேற்றளத்துக்கு ஏற்றி எஞ்சினைச் சூடாக்க 1 சுற்று. கிளம்பி வானில் அணிசேர 1 சுற்று. மேற்றளம் ஒரே நேரத்தில் 9 காய்களையே கொள்ளும். தரையிறங்குவதும் சுற்றுக்கு 9 காய்களே. தரையிறங்கியவற்றைக் கீழே இறக்க 1 சுற்று.

எல்லாவற்றினும் முக்கியமான விதி இது: மேற்றளத்தில் கிளம்பக் காத்திருக்கும் காய் ஒன்றேனும் இருந்தால், எந்த விமானமும் தரையிறங்க முடியாது. ஒரே தளத்தில் பின்பகுதியை நிறைத்து விமானங்கள் நிற்கும்போது, இறங்கும் விமானத்துக்கு இடம் ஏது? புதியவர்கள் இந்த விதியை வாசிக்கிறார்கள், தலையசைக்கிறார்கள், நான்காவது சுற்றில் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது எதிரியே இல்லாமல், 18 கட்டத் தொலைவிலுள்ள கற்பனை இலக்கொன்றுக்கு ஒரு தாக்குதலை அனுப்பி, மீட்டு, கீழே இறக்குங்கள். ஆயத்தம் 2, மேலேற்றம் 1, கிளம்புதல் 1, பறத்தல் 3, தாக்குதல் 1, திரும்புதல் 3, தரையிறக்கம் 1, கீழிறக்கம் 1: மொத்தம் 13 சுற்று, அதாவது ஆறரை மணித்தியாலம். எங்கள் கடலில் ஏப்ரல் மாதப் பகல் ஏறக்குறைய 24 சுற்று. விடியுமுன்பே ஆயத்தத்தை முடித்துவைத்து, கடைசிக் கீழிறக்கத்தை இருட்டிய பின் செய்தால், இரண்டு தாக்குதல்கள் 23 சுற்றில் அடங்கும். காலையில் இரண்டு சுற்றைத் தயக்கத்தில் வீணாக்கியவருக்கு அன்று ஒரு தாக்குதல்தான். இதை நான் வாயால் சொல்லும்போது எவருக்கும் உறைப்பதில்லை. காய்களைத் தாமே நகர்த்தி எண்ணிப் பார்த்தவுடன் உறைக்கிறது.

அடுத்த பயிற்சி ஆயுத மாற்றம். டோர்பிடோ ஏற்றிய புளியங்கொட்டைகளுக்குத் தரைக்குண்டு (தரையிலுள்ள இலக்குக்கான குண்டு) மாற்ற 4 சுற்று பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மனம் மாறினால், மாற்றத்துக்குச் செலவான சுற்றுகள் அத்தனையும் மறுபடி செலவாகும். 4 யூன் 1942 அன்று பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவருகே ஜப்பானியத் தளபதி நாகுமோ காலை 7.15க்குக் குண்டு மாற்றக் கட்டளையிட்டு, அரை மணித்தியாலத்துக்குள் அதை நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ 10.20க்கு அமெரிக்க விமானங்கள் பாய்ந்தபோது அவருடைய தாக்குதல் அணி இன்னும் கிளம்பவில்லை. அவர் அறிவிலி அல்லர். அவருக்குக் கிடைத்த செய்திகளை அதே நேரங்களில் உங்களுக்குத் தந்தால் நீங்களும் அவ்வாறே செய்யக்கூடும். நான் நடுவராக இருந்த விளையாட்டுகளில் அதுதான் திரும்பத் திரும்ப நடந்தது.

5. காற்று

விமானங்கள் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கப்பல் காற்றை எதிர்த்து ஓட வேண்டும். கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் கூடி இறக்கைக்கு வேண்டிய தூக்குவிசையைத் தருகின்றன. ஆகவே கிளம்பும் சுற்றிலும் இறங்கும் சுற்றிலும் கப்பல் காற்று வரும் திசையை நோக்கி ஒரு கட்டம் நகர்ந்தே தீர வேண்டும்.

விடியற்காலையில் நடுவர் பகடை உருட்டிக் காற்றை அறிவிக்கட்டும். திசைகளைக் கடற்றொழிலாளர் சொல்லும் பெயர்களாலேயே குறித்துக்கொள்கிறோம்: வடக்கேயிருந்து வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து சோளகம், மேற்கேயிருந்து கச்சான். செங்கல் வரைபடத்தில் நேர்வடக்கும் நேர்தெற்கும் இல்லை. ஆதலால் வாடை வீசினால் வடகிழக்குக் கட்டத்துக்கும் வடமேற்குக் கட்டத்துக்கும் மாறி மாறி நகருங்கள். சோளகத்துக்கும் அப்படியே.

புதியவர்கள் எதிரியை நோக்கி ஓடிக்கொண்டே விமானங்களை அனுப்பலாம் என்று எண்ணுகிறார்கள். எதிரி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து காற்று வந்தால், ஒவ்வொரு கிளம்புதலும் ஒவ்வொரு தரையிறக்கமும் உங்களை எதிரியிடமிருந்து விலக்கும். மிட்வேயில் அமெரிக்கக் கப்பல்களுக்கு இதுபோன்றதே நேர்ந்தது: எதிரி தென்மேற்கில், காற்றோ தென்கிழக்கிலிருந்து.

6. தேடல்

தேடும் விமானங்களுக்குப் பயறு மணிகளைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொன்றுக்கும் புறப்படும் கட்டம், திசை, திரும்பும் தூரம் ஆகியவற்றைக் கிளம்புமுன் எழுதிவிட வேண்டும். அது தான் செல்லும் கட்டத்தையும் இருபுறமும் இரண்டிரண்டு கட்டங்களையும் பார்க்கும்.

தேடும் பாதைகள் ஓலை விசிறியின் ஈர்க்குகள் போல விரிகின்றன. பிடியருகே நெருக்கம், நுனியில் இடைவெளி. இரண்டு பாதைகளுக்கிடையே 60 பாகை இருந்தால், 20 கட்டத் தொலைவில் அவற்றின் நுனிகள் ஒன்றுக்கொன்று 20 கட்டம் விலகி நிற்கும். ஒவ்வொன்றும் தன் பக்கம் இரண்டு கட்டத்தைத்தான் பார்க்கிறது. நடுவில் ஒரு கப்பற்படையே மறைந்து போகலாம். ஆனாலும் மூன்று பயறுகளை முக்கோணமாக விரித்துவிட்டுக் கிழக்கே எவரும் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் புதியவர்களை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். கொப்பியில் பார்த்த கட்டங்களுக்கு நிழலிடச் சொல்லுங்கள். நிழலிடாத வெண்மை எவ்வளவு என்று கண்ணால் கண்டால் அந்த உறுதி குறைந்துவிடும்.

குறைந்த பரப்பை அடர்த்தியாகத் தேடுவது நல்லதா, அகலமாக ஐதாகத் தேடுவது நல்லதா என்றால், என் தீர்ப்பு முன்னதே. எதிரி எங்கே இல்லை என்பது உறுதியாகத் தெரிவதும் பயனுள்ள அறிவுதான். மிட்வேயில் அகன்றதொரு பரப்புக்கு நாகுமோ அனுப்பியவை 7 விமானங்கள். அவற்றில் தோனே என்ற கப்பலின் ஒரு விமானம் அரை மணித்தியாலம் பிந்திக் கிளம்பியது.

7. தகவல் தவறாக வரட்டும்

இது நடுவருக்கான படி. தேடும் விமானம் கண்டதை அப்படியே சொல்லிவிடுவதுதான் புதிய நடுவர்கள் செய்யும் பெரும் பிழை. விளையாடுபவர் திணறுவதைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இரக்கம் விளையாட்டைக் கெடுக்கும்.

யாருக்கும் காட்டாமல் இரண்டு பகடைகளை உருட்டுங்கள். முதலாவது இடத்துக்கு: 1 விழுந்தால் இரண்டு கட்டப் பிழை, 2 விழுந்தால் ஒரு கட்டப் பிழை, மற்றவை சரி. இரண்டாவது வகைக்கு: 1 என்றால் வேறு கப்பலை விமானந்தாங்கி என்று சொல்லுங்கள், 2 என்றால் விமானந்தாங்கியை வேறு கப்பல் என்று சொல்லுங்கள், 3 என்றால் எண்ணிக்கை மட்டும், மற்றவை சரி. எழுதிய துண்டை அடுத்த சுற்றில்தான் கையளிக்க வேண்டும்.

இது மிகையான விதி என்று சிலர் முறையிடுவதுண்டு. 7 மே 1942 அன்று பவளக் கடலில் ஜப்பானியத் தேடுவிமானம் நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கி என்று அறிவித்தது. பெரிய தாக்குதல் அணியொன்று அதன்மீதும் சிம்ஸ் என்ற துணைக்கப்பலின்மீதும் வீணாயிற்று. அதே நாளில் அமெரிக்கத் தேடுவிமானம் ஒன்றின் செய்தி சங்கேதமாக்கும்போது பிழைத்து, இல்லாத இரண்டு விமானந்தாங்கிகளை அறிவித்தது. மிட்வேயில் 7.28க்குப் பத்துக் கப்பல்கள் என்று மட்டும் வந்த செய்தி, அவற்றோடு விமானந்தாங்கி ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது என்று மாறியது 8.20க்குத்தான். பகடை 3 விழும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

8. தாக்குதல் அணியின் எரிபொருட்கணக்கு

எங்கள் விதிப்படி தாக்குதல் விமானம், கிளம்பும் சுற்றையும் இறங்கும் சுற்றையும் சேர்த்து, 9 சுற்று மட்டுமே வானில் நிற்கும். 18 கட்டத் தொலைவு இலக்கென்றால் 1, 3, 1, 3, 1 என்று 9 சுற்றும் சரியாகத் தீர்ந்துவிடும், மிச்சமே இல்லை. 12 கட்டத்துக்குள் இலக்கு இருந்தால் 2 சுற்று மிஞ்சும். இலக்கு சொன்ன இடத்தில் இல்லாதபோது சுற்றித் தேடுவதற்கு அந்த இரண்டு சுற்று வேண்டும்.

இங்கே இரண்டு பிழைகள் வழக்கமானவை. ஒன்று, எதிரியின் பழைய இடத்துக்கு விமானங்களை அனுப்புவது. செய்தி ஒரு சுற்று பழையது. அணி கிளம்பிப் போய்ச் சேர நான்கு சுற்று. அதற்குள் 20 நொட் கப்பல் 5 கட்டம் நகர்ந்துவிடும். எங்கே கண்டார்கள் என்று கேட்காமல், எங்கே போயிருப்பான் என்று கேட்டு எழுதுங்கள். மற்றையது, திரும்பும் தூரத்தைக் கிளம்பிய கட்டத்திலிருந்து அளப்பது. உங்கள் கப்பலும் நகர்கிறது. காற்று வேறு அதை எங்கோ இழுத்துச் செல்கிறது. ஆகவே கிளம்புமுன்பே சந்திக்கும் கட்டத்தைக் கொப்பியில் எழுதி, கப்பலை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

20 யூன் 1944 அன்று பிலிப்பைன்ஸ் கடலில் அமெரிக்கர்கள் பிற்பகலில் பிந்தி, பெருந்தொலைவுக்கு 216 விமானங்களை அனுப்பினார்கள். இருட்டியபின் திரும்பியவற்றுள் ஏறத்தாழ 80 விமானங்கள் எரிபொருள் தீர்ந்து கடலில் வீழ்ந்தோ இறங்கும்போது நொறுங்கியோ போயின. கப்பல்கள் ஆபத்தைப் பாராமல் விளக்குகளை ஏற்றியிராவிட்டால் இழப்பு இன்னும் கூடியிருக்கும். மாலையில் தாக்குதல் அனுப்பும் விளையாட்டாளருக்கு இருளில் இறங்கும் ஒவ்வொரு காய்க்கும் பகடை உருட்டச் செய்யுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அந்தக் காய் போயிற்று.

9. மேலே காவல்

சோழிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தாக்குதல் அணியுடன் அனுப்பி, மறுபாதியைக் கப்பலுக்கு மேலே நிறுத்துங்கள். காவல் சோழி 4 சுற்றுக்குமேல் வானில் நிற்க முடியாது. நான்காம் படியின் விதியை இப்போது நினைவுகூருங்கள்: காவல் இறங்க வேண்டுமென்றால் மேற்றளம் வெறுமையாக இருக்க வேண்டும். ஆகவே தாக்குதல் அணியை மேலேற்றும் சுற்றும் காவல் இறங்கும் சுற்றும் ஒன்றோடொன்று மோதாதவாறு, காலையிலேயே ஒரு நேர அட்டவணை எழுதிக்கொள்வது அவசியம். அட்டவணை எழுதாதவர், தாக்குதலைத் தாமதிப்பதா, காவலைக் கடலில் வீழவிடுவதா என்ற இக்கட்டில் நிச்சயம் மாட்டுவார்.

10. மோதல்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காவல் சோழி ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை: 5, 6 விழுந்தால் வரும் காய் ஒன்று வீழும், உடன்வந்த சோழிகள் இருந்தால் அவையே முதலில் வீழும். தப்பிய மஞ்சாடிக்கு 5, 6 விழுந்தால் ஓர் அடி. புளியங்கொட்டைக்கு 6 விழுந்தால் இரண்டு அடி. நான்கு அடியில் விமானந்தாங்கி மூழ்கும். ஆயத்தப் பெட்டியிலோ மேற்றளத்திலோ ஆயுதமேற்றிய காய்கள் இருக்கும்போது அடி விழுந்தால் அது இரட்டிப்பாகும். எரிபொருளும் குண்டும் திறந்து கிடக்கும் கொட்டகையில் ஒரு குண்டு வெடித்தால் தீயை அடக்குவது அரிது.

11. முதல் விளையாட்டு: 9 ஏப்ரல் 1942, மட்டக்களப்புக் கடல்

இரு பக்கமும் முழுப் படையோடு தொடங்கினால் புதியவர் திணறுவார். நான் முதலில் தருவது ஒருமணி நேரத்தில் முடியும் இந்தச் சிறு விளையாட்டை. ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கியும் வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மட்டக்களப்புக்கு நேரே நிற்கின்றன. அன்று உண்மையில் இருந்ததுபோலவே ஹெர்மிஸில் ஒரு விமானமும் இல்லை. அது திருகோணமலையை அடைய வேண்டும்: 6 கட்டம், 25 நொட் வேகத்தில் 5 சுற்று. ஜப்பானியருக்குப் பயிற்சிக்காக ஒரே கப்பல், 12 கட்டம் வடகிழக்கே. மேற்றளத்தில் 9 மஞ்சாடி ஆயத்தமாக நிற்கின்றன. ஹெர்மிஸைக் கண்ட செய்தித் துண்டு ஏழாம் படியின் பகடைப்படி முதற்சுற்றில் அவர் கைக்கு வருகிறது.

முதற்சுற்றில் கிளம்பினால், நான்காவது சுற்றில் தாக்கலாம். அப்போது ஹெர்மிஸ் துறைமுகத்துக்கு ஒரு கட்டத் தொலைவில் இருக்கும், நேரே ஓடியிருந்தால். பிரித்தானியர் ஒவ்வொரு சுற்றிலும் சீனக்குடா விமானத்தளத்திடம் காவல் கேட்கலாம். பகடையில் 5, 6 விழுந்தால் செய்தி சேரும். அதன்பின் கிளம்ப ஒரு சுற்று, வந்து சேர ஒரு சுற்று. அன்று காவல் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹெர்மிஸோடு 300க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கப்பல் இன்றும் எங்கள் கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. ஆகையால் இந்த விளையாட்டில் கப்பல் மூழ்கும்போது ஆரவாரிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். எவரும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

இச்சிறு விளையாட்டில் ஜப்பானியப் பக்கம் எதிர்கால இடத்தைக் கணிக்கவும், பிரித்தானியப் பக்கம் வடக்கே ஓடி நேரம் குறைப்பதா, எதிரியின் கணிப்பைக் குழப்ப விலகி ஓடுவதா என்று தீர்மானிக்கவும் பழகுகின்றன. இரண்டு முறை பக்கம் மாற்றி விளையாடுங்கள்.

12. முடிந்தபின்

பாயை எடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். நடுவர் அதற்கு இடங்கொடாமல், மூன்று வரைபடங்களையும் அருகருகே வைத்து, இரண்டு கொப்பிகளையும் முதற்சுற்றிலிருந்து மாறிமாறி வாசிக்க வேண்டும். நினைவு ஒவ்வொருவருக்கும் சாதகமாகத் திரியும், எழுத்து திரியாது. மேற்றளம் எந்தெந்தச் சுற்றில் காரணமின்றி வெறுமையாகக் கிடந்தது என்பதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

அந்த வட்டங்கள் நான்குக்குக் குறைந்தபின், இரு பக்கமும் விமானந்தாங்கிகள் உள்ள விளையாட்டுக்குச் செல்லலாம். நான் அடுத்துத் தருவது 5 ஏப்ரல் 1942க்குரியது. அதில் பிரித்தானியத் தளபதி சோமர்வில், இன்டொமிற்றபிள், ஃபோர்மிடபிள் என்னும் இரண்டு விமானந்தாங்கிகளுடன் பகலில் விலகி நின்று, ராடார் பொருத்திய அல்பகோர் விமானங்களால் இரவில் தாக்க முயல்கிறார். அதற்கு 24 பகற்சுற்றுகளோடு இரவுச் சுற்றுகளையும் சேர்த்து, இரவில் தேடும் பயறு தான் நிற்கும் கட்டத்தை மட்டுமே பார்க்கும் என்றும், ராடார் உள்ள காய் மட்டும் இருபுறமும் ஒவ்வொரு கட்டம் பார்க்கும் என்றும் விதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முழுநாள் பிடிக்கும். மதியச் சாப்பாட்டை எட்டாவது சுற்றுக்கு முன் முடித்துவிடுவது நல்லது.